அவவின்ர காணிக்கு அவரின்ர கையெழுத்து: வடக்கின்ர 12 எம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

2024 டிசம்பர்

வணக்கம் ஐயாமாரே,

போன மாசம் 14ந் திகதி வோட்டுப் போட்டு உங்கள் 12 பேரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறம், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில இருந்து 6 பேர், வன்னியில இருந்து 6 பேர். 12 பேரில ஒரு பொம்பிளை கூட இல்லை. அதால நான் கேக்கப்போறதை உங்களுக்குள்ள ஒருத்தர் தன்ர அனுபவத்தில இருந்து எழும்பிச் சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருக்க எனக்கு வழியில்லை, அதுதான் நானே எழுதுறன்.

நான் 14 வருசமா யாழ்ப்பாணத்தில ஒரு நொத்தாரிசின்ர ஒவ்வீசில காணி உறுதி டைப் பண்ணுறன். அறுதி உறுதி, ஈட்டு உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி எல்லாம் என்ர கையால போயிருக்கு. நான் லோயர் இல்லை. ஆனா ஒரு பொம்பிளை உறுதியோட படியேறி வந்தால் நாங்கள் அவவிட்ட முதல் கேக்கிற கேள்வி என்னெண்டு எனக்குத் தெரியும். காணி எங்க இருக்கெண்டோ எத்தினை பரப்பெண்டோ இல்லை. "கலியாணம் கட்டியிட்டீங்களோ? மனிசன் வந்திருக்கிறாரோ?" அதுதான் முதல் கேள்வி.

ஏன் அப்பிடிக் கேக்கிறம் எண்டால் சட்டம் அப்பிடி. 1911ல வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டத்தின்ர 6ம் பிரிவு. தேசவழமைக்கு, அதுதான் வடக்குத் தமிழற்ற வழக்கச் சட்டத்துக்கு, கீழ வாற ஒரு மனிசி தன்ர சொந்தச் சொத்தை, தாய் தேப்பன் சீதனமாக் குடுத்ததோ, முதுசமா வந்ததோ எதெண்டாலும், அசையாச் சொத்தா இருந்தால் புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விக்க ஏலாது, ஈடு வைக்க ஏலாது, உயிரோட இருக்கேக்க பிள்ளைக்கு எழுதிக் குடுக்கக்கூட ஏலாது. அப்பிடி எழுதினால் அந்த உறுதி செல்லாது. புருசன் தன்ர முதுசக் காணியை விக்கிறதெண்டால் மனிசியைக் கேக்கத் தேவையில்லை. தென்மராட்சிப் பக்கம் ஒரு அக்காவை எனக்குத் தெரியும், அவவின்ர மனிசன் தன்ர காணியை வித்தது, வாங்கின ஆக்கள் வந்து எல்லையில கதியால் போடேக்கதான் அவவுக்கே தெரியும். அந்த உறுதி சட்டப்படி சரி, ஒரு பிழையும் இல்லை. அதையும் நான்தான் டைப் பண்ணினனான்.

இதில ஒண்டை வடிவா யோசிச்சுப் பாருங்கோ. அதே 6ம் பிரிவு சொல்லுது, நகை நட்டு மாதிரி அசையும் சொத்தெண்டால் மனிசன்ர சம்மதம் தேவையில்லை. மரணசாசனம் எழுதி காணியை ஆருக்கும் குடுக்கவும் சம்மதம் தேவையில்லை. அப்ப தான் செத்தாப் பிறகு ஆருக்குப் போகோணும் எண்டு முடிவெடுக்க அவவுக்கு அறிவு காணும், உயிரோட இருந்து தன்ர பிள்ளையின்ர படிப்புக்கு ரெண்டு பரப்பை விக்க மட்டும் அறிவு காணாதோ? கலியாண எழுத்துக்கு முதல் நாள் வரைக்கும் அவவே தனிய வந்து கையெழுத்து வைக்கலாம், அடுத்த நாள் வைக்க ஏலாது. பாங்கில வேலை செய்யிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர், டொக்டர், ஆரா இருந்தாலும் இதுதான்.

இன்னும் ஒண்டு. இலங்கையில மற்றப் பொம்பிளையளுக்கு இந்தப் பிரச்சினை 1923லயே முடிஞ்சுது. அந்த வருசம் வந்த விவாகமான பெண்கள் ஆதனச் சட்டம் சொன்னது, கட்டின பொம்பிளையும் கட்டாத பொம்பிளை மாதிரியே தன்ர சொத்தை வைச்சிருக்கலாம், விக்கலாம் எண்டு. ஆனா அந்தச் சட்டத்திலயே தேசவழமைக்குக் கீழ வாற வடக்குத் தமிழரை வெளிய விட்டிட்டினம். கொழும்பில ஒரு சிங்களப் பொம்பிளை விக்கலாம், மட்டக்களப்புத் தமிழ்ப் பொம்பிளை விக்கலாம், முஸ்லிம் பொம்பிளை விக்கலாம். அந்த மட்டக்களப்புப் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பெடியனைக் கட்டினால் கலியாணம் இருக்கும்வரைக்கும் அவவும் எங்கட சட்டத்துக்குக் கீழ வந்திடுவா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை மட்டக்களப்புப் பெடியனைக் கட்டினால் இதில இருந்து விடுபடுவா. ஆம்பிளை ஆரைக் கட்டினாலும் அவருக்கு ஒண்டும் மாறாது. என்ன நியாயம் இது எண்டு கேட்டு ஒரு பிள்ளை எங்கட ஒவ்வீசில அழுதது, எங்களிட்டப் பதில் இருக்கேல்ல.

இனி நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமா இருந்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுறன். பேர் ஊர் சொல்லமாட்டன், அவ கேட்டவ சொல்லவேண்டாம் எண்டு.

ஒரு மழை நாள், பின்னேரம் மூண்டு மணியிருக்கும், குடையை வெளிய வைச்சிட்டு உள்ள வந்தா. கையில ஒரு ஷொப்பிங் பாக், அதுக்குள்ள இன்னொரு பாக், அதுக்குள்ள ஒரு பிளாஸ்ரிக் போல்டர். இடம்பெயர்ந்து திரிஞ்ச ஆக்களிட்ட இந்தப் பழக்கத்தைப் பாக்கலாம், உறுதியை மூண்டு சுத்துச் சுத்தித்தான் வைச்சிருப்பினம், ஏனெண்டால் பங்கருக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் கொண்டு திரிஞ்சது. மடிப்பில கிழிஞ்சு செலோரேப் ஒட்டின உறுதி. 1996ல தாய் எழுதிக் குடுத்த சீதன உறுதி, வலிகாமப் பக்கம் நாலு பரப்பு, கிணத்தில அரைப் பங்கு. அதில ரெண்டு பரப்பை விக்கவேணும், மூத்த மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிருக்கு, தங்கிறதுக்கும் மற்றச் செலவுக்கும் காசில்லை.

நான் பழக்க தோசத்தில கேட்டிட்டன், மனிசன் எங்க எண்டு. அவ போல்டருக்குள்ள இருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில வைச்சா. கலியாணப் படத்தில அவரை மட்டும் வெட்டிப் பெருப்பிச்ச படம். 2009 மே மாசம் முள்ளிவாய்க்காலால வெளிய வரேக்க ஆமியிட்ட ஒப்படைச்சது, அதுக்குப் பிறகு இல்லை. "இவர்தான் பிள்ளை, இவர் கையெழுத்து வைக்க வேணுமெண்டால் இவரைத் தேடித் தாங்கோ" எண்டு சொன்னா. கோவமாச் சொல்லேல்ல, சாதாரணமாத்தான் சொன்னா, அதுதான் எனக்கு இண்டைக்கும் மறக்க ஏலாமல் கிடக்கு.

எங்கட நொத்தாரிசு ஐயா அவவுக்கு ரெண்டு வழி சொன்னார். ஒண்டு மரணச் சான்றிதழ். 2010ல ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தவை, காணாமல் போன ஆக்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கிறதை லேசாக்கி. அதை எடுத்தால் அவ விதவை, விதவைக்கு ஆரின்ர சம்மதமும் தேவையில்லை, நாளைக்கே காணி விக்கலாம். மற்றது அந்த 1911 சட்டத்தின்ர 8ம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போடுறது. புருசன் விட்டிட்டுப் போயிட்டார், எங்க இருக்கிறாரெண்டு தெரியாது, மறியலில கனகாலமா இருக்கிறார், மனநிலை சரியில்லாத ஆள், அநியாயத்துக்குச் சம்மதம் தராமல் இருக்கிறார், இப்பிடிக் காரணம் காட்டினால் நீதிமன்றம் அவரின்ர சம்மதம் தேவையில்லை எண்டு கட்டளை தரலாம்.

அவ ரெண்டையும் கேட்டிட்டு முதலாவதுக்கு மட்டும் பதில் சொன்னா. "நான் அவர் செத்திட்டார் எண்டு எழுதிக் குடுக்கமாட்டன்."

ஐயாமாரே, இது உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. 2017 பெப்ரவரி 20ந் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில தொடங்கின போராட்டத்தில இப்பிடியான தாய்மாரும் மனிசிமாரும்தானே இருந்தவை, நீங்களும் அல்லது உங்கட கட்சி ஆக்களும் அந்தப் பந்தலுக்கு வந்து படம் எடுத்தவைதானே. அந்தப் பொம்பிளையள் எத்தினை வருசமா ஒரேயொரு விசயத்தில விட்டுக்குடுக்காமல் நிக்கினம், எங்கட ஆக்கள் எங்க எண்டு சொல்லுங்கோ, மரணச் சான்றிதழ் வேண்டாம் எண்டு. அதில நிண்ட ஒரு பொம்பிளை தன்ர தாய் தந்த ரெண்டு பரப்பை விக்கிறதுக்கு அதே சான்றிதழை எடுக்கவேணும் எண்டு எங்கட சட்டம் தள்ளி விடுது. அரசாங்கம் கேட்டும் அவையள் குடுக்காததை 6ம் பிரிவு கேக்குது. 2016ல காணேல்ல எண்டு ஒரு சான்றிதழ் குடுக்கிற ஏற்பாடும் வந்ததுதான், ஆனா அது மனிசன்ர கையெழுத்து இல்லையே, அதை வைச்சுக்கொண்டும் கோட்டுக்குத்தான் போகவேணும்.

கோட்டு எண்டு சொல்லுறது லேசு. லோயருக்குக் காசு, ஒவ்வொரு தவணைக்கும் பஸ் காசு, அண்டைக்குக் கூலி வேலை இல்லை. நீதிபதிக்கு முன்னால நிண்டு என்னை அவர் விட்டிட்டுப் போனவர் எண்டு ஊர் கேக்கச் சொல்லவேணும். அவ விக்க நினைச்சது ரெண்டு பரப்பு, அதில எவ்வளவு மிஞ்சும்?

காணாமல் போன ஆக்களின்ர மனிசிமார் மட்டும் இல்லை. வெளிநாட்டில இன்னொரு குடும்பத்தோட இருக்கிற மனிசன்மாரின்ர கதை எங்கட ஒவ்வீசில கிழமைக்கு ஒண்டு வரும். விவாகரத்து எடுக்கேல்ல, எடுத்தால் ஊரில கதைப்பினம், பிள்ளையின்ர கலியாணம் பழுதாப்போகும். காசும் அனுப்புறேல்ல. ஆனா காணி விக்கவேணும் எண்டால் அங்கயிருந்து தூதரகத்தில அற்றோணித் தத்துவம் முடிச்சு அனுப்பவேணும். அப்பத்தான் அவர் போனை எடுப்பார். விலையில பாதி தந்தால் அனுப்புறன் எண்டு சொன்ன ஆக்கள் இருக்கினம். ஒருத்தர் மூண்டில ஒண்டு கேட்டார், அந்த அக்கா குடுத்தா, ஏனெண்டால் தாய்க்கு ஒப்பரேசன், நிண்டு சண்டை பிடிக்க நேரமில்லை. காணியில ஒரு கல்லுக்கூட வைக்காத ஆளுக்கு ஒரு கையெழுத்துக்காக அவ்வளவு காசு. அந்தக் கையெழுத்துக்கு விலை போட்டுக் குடுத்தது இந்தச் சட்டம்தான்.

விக்கிறதை விடுங்கோ, தொழில் செய்யிறதைப் பாப்பம். நீங்கள் எல்லாரும் மேடையில பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் எண்டு கதைக்கிறியள். தையல் மெசினும் கோழிக்குஞ்சும் குடுத்துப் படம் எடுக்கிறதோட அது முடிஞ்சுபோகுது. தையல் மெசின் ஒண்டை நாலாக்கி ரெண்டு பிள்ளையளை வேலைக்கு வைச்சு நடத்த நினைக்கிற பொம்பிளைக்கு பாங்க் லோன் வேணும், லோனுக்கு ஈடு வேணும், அவவிட்ட இருக்கிற ஒரே பெறுமதி அந்தச் சீதனக் காணி, அதை ஈடு வைக்க மனிசன்ர கையெழுத்து வேணும். இல்லையெண்டால் போமை மடிச்சு வைச்சுக்கொண்டு வீட்ட போகவேணும். அப்ப அவ என்ன செய்வா? நகைக்குத்தானே சம்மதம் தேவையில்லை, காப்பு முதல் போகும், பேந்து சங்கிலி, கடைசியாத் தாலிக்கொடி. அதுவும் முடிஞ்சால் குழுக்கடன். கிழமைக்குக் கிழமை மோட்டச்சைக்கிளில வாசலுக்கு வந்து நிக்கிற பெடியன், ஒரு கடனை அடைக்க இன்னொண்டு. அந்த நுண்கடன் பொம்பிளையளை என்ன பாடு படுத்தினது எண்டு வடக்கில தெரியாத ஆள் இல்லை, 2018ல அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில ஒரு லட்சத்துக்குக் குறைஞ்ச கடனுகளைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. வட்டி கூட எண்டு எல்லாரும் கதைச்சவை, சரி, கதைக்க வேண்டியதுதான். ஆனா நாலு பரப்புக் காணிக்குச் சொந்தக்காரி ஏன் ஈடே இல்லாதவ மாதிரி அந்த வரிசையில வந்து நிண்டவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

இதுக்கு நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு எனக்கு ஓரளவு தெரியும், ஒவ்வீசில வாற பெரிய மனுசர் சொல்லுறதைக் கேட்டிருக்கிறன்.

தேசவழமை எங்கட அடையாளம், அதில கை வைக்கக்கூடாது எண்டுவியள். எனக்கும் தேசவழமையில மரியாதை இருக்கு, சும்மா சொல்லேல்ல. வீடு வளவை மகளுக்கு எழுதிக் குடுக்கிற வழக்கம் எங்கட, யாழ்ப்பாணத்தில ஒரு ஒழுங்கையால நடந்து போனால் எத்தினை வீடு பொம்பிளையின்ர பேரில இருக்கு எண்டு எண்ணிப் பாக்கலாம், வேற கன இடத்தில இப்பிடி இல்லை. அதனாலதான் எனக்குக் கூட ஆத்திரம் வாறது. காணியை அவவின்ர பேரில எழுதிப்போட்டுப் பேனையை அவரின்ர கையில குடுத்திருக்கிறம். தேசவழமையை 1707ல எழுத்தில வைச்சது டச்சுக்காரன், திசாவை எண்ட நிர்வாக அதிகாரியா இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். எங்கட முதலிமார் 12 பேர் பாத்துச் சரி எண்டவை. (இப்ப நீங்களும் 12 பேர்.) 1806ல வெள்ளைக்காரன் அதை ஏற்றுக்கொண்டான். நான் இப்ப மாத்தச் சொல்லுற வரி அதுக்கும் பிறகு, 1911ல சட்டசபையில செய்தது. மனிசன்ர அதிகாரத்துக்குக் கீழதான் மனிசி எண்ட எண்ணம் டச்சுக்காரற்ற ரோமன் டச்சுச் சட்டத்திலயும் இருந்தது. அவையள் தங்கட நாட்டில 1956ல சட்டம் செய்து கட்டின பொம்பிளையளுக்குச் சுயமாக் கையெழுத்து வைக்கிற உரிமையைக் குடுத்திட்டினம். நாங்கள் இன்னும் விடேல்ல.

காணி வெளியாரிட்டப் போயிடும் எண்ட பயம் அடுத்தது. எங்கட சனத்துக்குக் காணி எண்டால் என்ன எண்டு எனக்கு விளங்கும், வலிகாமம் வடக்கில 1990ல விட்டிட்டு ஓடின காணியைப் பாக்காமலே செத்த ஆக்கள் என்ர குடும்பத்திலயும் இருக்கினம். ஆனா மனிசன் கையெழுத்து வைச்சால் காணி வெளியாரிட்டப் போகாதோ? கனடாவுக்கு அனுப்புற ஏஜென்சிக்குக் காசு கட்ட, வானுக்கு முற்பணம் கட்ட எண்டு ஆம்பிளையள் வித்த காணியளுக்கு எத்தினை உறுதி டைப் பண்ணியிருக்கிறன், ஒருத்தரும் அவையளின்ர மனிசிமாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில 2017ல விமானப்படை முகாமுக்கு முன்னால, பனியிலயும் வெய்யிலிலயும் ஒரு மாசம் ரோட்டில குந்தியிருந்து காணியைத் திருப்பி எடுத்த சனத்தில முன்னுக்கு இருந்தது ஆர்? பிள்ளையளை மடியில வைச்சுக்கொண்டு இருந்த பொம்பிளையள். காணியைக் காப்பாத்த அவையளுக்குத் தெரியாது எண்டு சொல்ல எங்களில ஆருக்கு வாய் வரும்?

பொம்பிளையளை ஏமாத்திப் போடுவினம், பாதுகாப்புக்குத்தான் இந்த ஏற்பாடு எண்டும் சொல்லுகினம். ஏமாத்துறதைத் தடுக்கத்தானே நொத்தாரிசு இருக்கு, ரெண்டு சாட்சி இருக்கு, காணிப் பதிவு இருக்கு. பொம்பிளைக்கு ஒரு பாதுகாப்பு வேணும் எண்டு உண்மையா நினைச்சால் குடும்பம் இருக்கிற வீட்டை விக்கேக்க ரெண்டு பேரும் சம்மதிக்கவேணும் எண்டு வையுங்கோ, அது ஞாயம், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. நான் அதுக்கு எதிரில்லை.

கோட்டில வழக்குப் போட்டு இதை மாத்தலாம் தானே எண்டு ஒரு தம்பி கேட்டான். ஏலாது. அரசியலமைப்பின்ர 12ம் உறுப்புரை பால் வித்தியாசம் பாக்கக்கூடாது எண்டு சொல்லுது, ஆனா 16ம் உறுப்புரை சொல்லுது, முந்தியிருந்த சட்டங்கள் அதோட ஒத்துவராட்டிலும் செல்லும் எண்டு. 1981ல பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கிற ஐநா உடன்படிக்கையில இலங்கை சேர்ந்தது, அதாலயும் இந்த வரி அழியேல்ல. அப்ப பாராளுமன்றம்தான் மாத்தவேணும், வேற வாசல் இல்லை. அங்க ஒரு சிங்கள அமைச்சர் எழும்பி தேசவழமையைத் திருத்தப்போறன் எண்டால் நாளைக்கே எங்கட பேப்பரில தமிழற்ற சட்டத்தில கை வைக்கினம் எண்டு வரும், அந்தப் பயத்தில ஒரு நியாயமும் இருக்கு. அதுக்காகத்தான் உங்களைக் கேக்கிறன். எங்கட ஆக்களே தமிழில எழுதி, எங்கட பொம்பிளையளிட்டக் காட்டி, நீங்களே ஒரு தனிநபர் சட்டமூலமாக் கொண்டுபோங்கோ. அரசாங்கக் கட்சியில இருக்கிற ஆக்கள் உங்கட நீதி அமைச்சரிட்டச் சொல்லுங்கோ, எதிர்க்கட்சியில இருக்கிற ஆக்கள் ஆதரிச்சுக் கை தூக்குங்கோ. இந்த ஒரு விசயத்தில கட்சிச் சண்டை பிடிச்சு நேரத்தைப் போக்காதேங்கோ.

பழைய காணிச் சட்டத்தைத் திருத்த ஏலாது எண்டும் இல்லை. 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தில அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணி மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதல் எண்டு இருந்தது, கிளிநொச்சி, வவுனியாக் குடியேற்றத் திட்டங்களில எத்தினை குடும்பத்தில அக்காவை விட்டிட்டுத் தம்பிக்குப் போனது. 2022ல பாராளுமன்றம் அதை மாத்தினது. உலகம் ஒண்டும் அழிஞ்சு போகேல்ல.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. 6ம் பிரிவில அசையாச் சொத்துக்குப் புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும் எண்டு சொல்லுற அந்தச் சொல்லுகளை எடுத்துவிடுங்கோ. தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து), முன்வாங்குரிமை (காணி விக்கேக்க பங்காளியள் முதல் வாங்கிற உரிமை) எல்லாம் இதோட சேர்த்துக் கிளறினால் இன்னும் ஒரு நூறு வருசம் ஆகும், அதுகளைப் பிறகு ஆறுதலா இருந்து கதைப்பம். இதை மட்டும் முதல் செய்யுங்கோ. திருத்தம் வரும்வரைக்கும் 8ம் பிரிவு மனுவுக்குப் போற காணாமல் போன ஆக்களின்ர மனிசிமாருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கவும், அந்த வழக்குகளை இழுக்காமல் முடிக்கவும் கேட்டு நீதி அமைச்சுக்கு 12 பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கோ. சாட்சிக்கு ஆக்கள் வேணுமெண்டால் நான் கூட்டிக்கொண்டு வாறன், என்ர பதிவுக் கொப்பியில எத்தினை பேர் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனவை எண்டு எனக்குத் தெரியும்.

அந்த அக்கா கோட்டுக்குப் போறன் எண்டு சொல்லேல்ல, போகமாட்டன் எண்டும் சொல்லேல்ல. படத்தை எடுத்துத் துடைச்சுப் போல்டருக்குள்ள வைச்சா, உறுதியின்ர போட்டோக் கொப்பியை மட்டும் என்னட்டத் தந்திட்டு, "சட்டம் மாறினால் ஒரு கோல் எடு பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போயிட்டா. மகள் கம்பசுக்குப் போயிட்டுது, காப்பு அடகில. போட்டோக் கொப்பி என்ர மேசை லாச்சியில இருக்கு, மூலையில அவவின்ர போன் நம்பரைப் பென்சிலால எழுதி வைச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
உங்களுக்கு வோட்டுப் போட்ட ஒரு உறுதி டைப்பிஸ்ட்